நியூட்ரலில் ஒரு பரீட்சை

லாரிக்கு நடக்கும் புகைப் பரீட்சையை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பெட்ரோல் பங்க் ஓரத்திலோ, ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரே மர நிழலிலோ நிற்கும் ஒரு வேன்தான் பரீட்சை ஹால். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், நம்பர் பிளேட்டைப் படமெடுக்க ஒரு கேமரா, ஒரு பையன். லாரியை நியூட்ரலில் நிறுத்தச் சொல்வான். சைலன்ஸர் வாயில் ஒரு குழாயைச் செருகுவான். 'மிதிங்கண்ணே' என்பான். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாகத் தரை வரை மிதித்துவிட வேண்டும். இன்ஜின் அலறும். கால் எடுத்து மறுபடி மிதி. இப்படிச் சில தடவை. குழாயில் வந்த புகைக்கு ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை உணரும் கருவி. புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைத்தது என்பதுதான் மார்க். பழைய லாரிகளுக்கு நூற்றுக்கு 65 பங்கு மறைத்தால்கூடப் பாஸ். பாரத் ஸ்டேஜ் 4 வண்டிக்கு 50.

இதன் பெயர் பி.யூ.சி. பழைய ஆட்களுக்கு பி.யூ.சி. என்றால் காலேஜில் முதல் வருஷம். அந்த பி.யூ.சி.யில் இங்கிலீஷில் கோட்டடித்து ஊர் திரும்பியவர்கள் ஏராளம். இந்த பி.யூ.சி.யில் ஃபெயிலான லாரியைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அவரைச் சந்திக்க ஆவல்.

'லஞ்சம் சார், வேறென்ன' என்று முடித்துவிடுவது சுலபம். லஞ்சமும் அலட்சியமும் இல்லாமல் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் என் புகார் அதுவல்ல. அந்தப் பையன் அரிச்சந்திரனாகவே இருக்கட்டும். விதியில் எழுதியபடி இன்ஜினைச் சூடாக்கி, முழுசாக மிதிக்க வைத்து, மெஷின் காட்டிய எண்ணை மாற்றாமல் அச்சடித்துக் கொடுக்கட்டும். அப்படியும் அந்தச் சான்றிதழ் லாரி விடும் நச்சுக் காற்றைப் பற்றி அநேகமாக எதையும் சொல்வதில்லை. தப்பு பையனிடம் இல்லை, கேள்வித்தாளில்.

முதலில், லாரி பிழைப்பு நடத்துவது நியூட்ரலில் அல்ல. இருபது டன்னைச் சுமந்து தொப்பூர் கணவாயில் முக்கி முனகி ஏறும்போதும், நாற்கரச் சாலையில் ராத்திரி முழுக்க ஓடும்போதும்தான் அது தன் வேலையைச் செய்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் உடம்பைப் பரிசோதிக்க அவரை ஸ்டூலில் உட்கார்த்திக் கையை மட்டும் வேகமாக வீசச் சொன்னால் என்ன தெரியும்?

அடுத்தது, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் இந்தப் பரீட்சை கேட்கிறது. இதைப் புரிந்துகொள்ள டீசல் இன்ஜினின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பயப்படாதீர்கள், ஒரு பாராதான்.

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அசுரத்தனமாக அமுக்கினால் அது சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ரொம்பச் சூடாக எரிந்தால் காற்றில் சும்மா இருக்கும் நைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகும். சுருக்கமாக நாக்ஸ். சூட்டைக் குறைத்தால் டீசல் சரியாக எரியாமல் கரித்தூள் வரும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் உப்பும் தலையணை. டீசலைக் கொஞ்சம் சீக்கிரமாகப் பீய்ச்சினால் மைலேஜ் ஏறும், கரி குறையும், நாக்ஸ் கூடும். தாமதித்துப் பீய்ச்சினால் நாக்ஸ் குறையும், கரி கூடும், டீசல் அதிகம் குடிக்கும். லாரி முதலாளிக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கரி கறுப்பு. பார்த்தால் தெரியும். இன்ஜினில் உண்டாகும் நாக்ஸில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்ஸைடு. அதற்கு நிறமே கிடையாது. வெளியே வந்து, வெயிலில் மற்ற ஆவிகளோடு சேர்ந்து ஓஸோன் உண்டாக்கும். நுண்துகள்களாகவும் மாறி நுரையீரலில் போய் உட்காரும். ஆக, விளக்கும் கருவியும் வைத்துப் புகையை மட்டும் பார்க்கிற பரீட்சையில், நாக்ஸைக் கூட்டிக் கரியைக் குறைத்த இன்ஜினுக்கு நல்ல மார்க் விழும். அதாவது ஒரு விஷத்தை இன்னொரு விஷமாக மாற்றிக்கொண்டு வந்தால் பாஸ். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் டீசல் இன்ஜின் புகையை முதல் பட்டியலில், சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே பட்டியலில், சேர்த்தது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளையும் பக்கத்திலேயே பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பார்த்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த லாரிக்குள்ளேயே படுத்துத் தூங்கும் டிரைவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பரீட்சைக்கு மட்டும் படிக்கும் வித்தையை லாரி இன்ஜின்கள் எப்போது கற்றன என்ற கதை சுவாரஸ்யமானது. ஃபோக்ஸ்வாகன் கார் கம்பெனி 2015-ல் மாட்டிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தகப்பன் கதை ஒன்று அமெரிக்க லாரிகளில் 1998-லேயே நடந்துவிட்டது. அதை ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை.

கார் என்றால் முழு வண்டியையும் உருளைகள் மேல் ஏற்றி ஓடவிட்டுச் சோதிப்பார்கள். லாரிக்கு அப்படியில்லை. ஒரே இன்ஜின் சரக்கு லாரியிலும் இருக்கும், டிப்பரிலும் இருக்கும், பஸ்ஸிலும் இருக்கும். அதனால் இன்ஜினைத் தனியாகக் கழற்றி மேஜையில் பூட்டி ஓட்டுவார்கள். அமெரிக்காவில் அந்தப் பரீட்சை 20 நிமிஷம். எந்த விநாடியில் எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம் என்று எல்லாம் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுக்கப்பட்டது. கேள்வித்தாள் வருஷா வருஷம் மாறாது.

இன்ஜினுக்குள் கம்ப்யூட்டர் வந்ததும் விஷமம் ஆரம்பித்தது. 20 நிமிஷப் பரீட்சையில் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நிஜமான நெடுஞ்சாலையில் லாரி ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடும். 'ரொம்ப நேரமாக ஒரே வேகம்' என்று கம்ப்யூட்டர் கண்டுகொண்டால், 'பரீட்சை முடிந்தது, வாத்தியார் போய்விட்டார்' என்று அர்த்தம். உடனே டீசலைச் சீக்கிரம் பீய்ச்ச ஆரம்பிக்கும். மைலேஜ் கிடைக்கும். நாக்ஸ் அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு வரை போகும். இப்படி ஏறக்குறைய 13 லட்சம் இன்ஜின்கள்.

1998 அக்டோபரில் அமெரிக்க அரசு ஏழு கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நாவிஸ்டார், ரெனோ, வால்வோ. கிட்டத்தட்ட மொத்த வகுப்பும் பிட் அடித்திருக்கிறது! அபராதம் 8 கோடியே 34 லட்சம் டாலர். நிவாரணச் செலவெல்லாம் சேர்த்து 100 கோடி டாலருக்கு மேல். 'தப்பு செய்தோம்' என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டத்தில் எழுதிய பரீட்சையில் பாஸ் செய்தோமே, அப்புறம் என்ன என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகக்கூட இருக்கிறது. அந்த நியாயம்தான் பிரச்னை.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த லாரிகளை, இன்ஜின் ஓவர்ஹாலுக்கு வரும்போது திருத்திக் கொடுப்பதாக ஏற்பாடு. லாரி இன்ஜின் ஓவர்ஹாலுக்கு வர எத்தனை லட்சம் மைல் ஓட வேண்டும் என்று நாமக்கல்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எதிர்பார்த்ததில் சிறு பகுதி லாரிகள்தான் திருந்தின. மற்றவை அப்படியே ஓடித் தேய்ந்து காயலான் கடைக்குப் போயின. மாட்டிக்கொண்ட பிறகும் புகைதான் ஜெயித்தது.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு நல்ல காரியம் ஒளிந்திருந்தது. இனிமேல் ஆய்வுக்கூடத்தை நம்ப முடியாது, ஓடும் லாரியிலேயே அளக்க வேண்டும். அதற்கு ஒரு கருவி வேண்டும். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் அதைச் செய்துகொடுத்தது, கம்பெனிகளின் செலவில். சைலன்ஸரிலேயே பூட்டி, வண்டி ஓட ஓட விநாடிக்கு விநாடி என்ன வெளியே வருகிறது என்று சொல்லும் பெட்டி. இன்றைக்கு அதை பெம்ஸ் என்கிறார்கள். ஆய்வுக்கூடத்தைச் சூட்கேஸில் அடைத்தது போல. (நிஜத்தில் சூட்கேஸைவிடப் பெரிசு, கனமும் அதிகம்.)

அடுத்தது நடந்ததைப் பாருங்கள். 2013-ல் அதே பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு, ஒரு லட்சம் டாலர் கூட எட்டாத செலவில், மூன்று டீசல் கார்களில் இதே மாதிரிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியா சாலைகளில் கிளம்பியது. ஒரு காரை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டினார்கள். யாரையும் பிடிக்க அல்ல. ஐரோப்பாவைவிட அமெரிக்காவில் டீசல் கார்கள் சுத்தமாக இருக்கின்றன என்று நிரூபிக்கலாம் என்ற நல்லெண்ணத்தில். வந்த விடை: ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா அனுமதித்த அளவைப்போல 15 முதல் 35 மடங்கு நாக்ஸ் விட்டது. பஸாட் 5 முதல் 20 மடங்கு. அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியலில் அரவிந்த் திருவேங்கடம் என்று ஒரு பெயர் இருக்கிறது. நம்ம ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஒரு சின்னச் சந்தோஷம் வரத்தான் செய்கிறது, மறைப்பானேன். 2014-ல் அறிக்கை வெளிவந்தது. 2015 செப்டம்பரில் உலகத்தின் மாபெரும் கார் கம்பெனிகளில் ஒன்று தலைகுனிந்தது. லாரிக்காரர்களின் அபராதக் காசில் பிறந்த பெட்டி கார்க்காரர்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

அத்தோடு எல்லோரும் திருந்தினார்களா? 1998 பட்டியலில் இருந்த கம்மின்ஸ், 2023 டிசம்பரில் ராம் பிக்கப் வண்டிகளின் இன்ஜின் விவகாரத்தில் 167 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அமெரிக்கக் காற்றுச் சட்டத்தின் வரலாற்றிலேயே அதுதான் அதிகபட்சம். அப்போதும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. டொயோட்டா குடும்பத்தைச் சேர்ந்த ஜப்பானின் ஹினோ லாரி கம்பெனி இன்னும் எளிய வழி கண்டது. கம்ப்யூட்டர் தந்திரமெல்லாம் எதற்கு, எண்ணையே மாற்றி எழுதிவிட்டால் போயிற்று. ஒரு இன்ஜினை நீண்ட நாள் ஓட்டித் தேய்மானம் பார்க்கும் பரீட்சையில், பாதியில் புகை வடிக்கும் மஃப்ளரைக் கழற்றிப் புதுசு மாட்டியிருக்கிறார்கள். 2022-ல் வெளியே வந்தது. விசாரித்தால் 2003-லிருந்தே இப்படித்தான். தரத்துக்கு உலகமே உதாரணம் காட்டும் தேசத்தில்!

இதையெல்லாம் சொல்வது கம்பெனிகளை ஏச அல்ல. எங்கே, எப்போது, எப்படிச் சோதிப்பார்கள் என்று தெரிந்துவிட்டால், கெட்டிக்கார இன்ஜினியர்கள் அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் மட்டும் சுத்தமான இன்ஜினைச் செய்துவிடுவார்கள். நம் கோச்சிங் சென்டர்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். இதற்கு மருந்து சொல்லாமல் கொள்ளாமல் சாலையில் வைக்கும் பரீட்சை. இத்தனை கோடி செலவழித்து உலகம் படித்துக்கொண்ட பாடம் இது.

நம் ஊருக்கு வருவோம். புது லாரி விஷயத்தில் இந்தியாவைப் பாராட்டத்தான் வேண்டும். 2017 மார்ச் 29 அன்று, கடைகளில் நின்ற 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பாரத் ஸ்டேஜ் 3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கலாம். டூ வீலர்களைத் தள்ளுபடியில் அள்ளிக்கொண்டு போனார்களே, அதேதான். பிறகு 5-ஐ அப்படியே தாண்டி 2020 ஏப்ரலில் 6-க்குப் போனோம். ஐரோப்பா படிப்படியாக ஏறியதை நாம் ஒரே தாவாகத் தாவினோம். கனரக இன்ஜினுக்கு 4-ல் ஒரு யூனிட் சக்திக்கு 3.5 கிராம் நாக்ஸ் அனுமதி. 6-ல் 0.46 கிராம். பரீட்சையும் சுலபமில்லை, நகரம், புறநகர், நெடுஞ்சாலை என்று எல்லாம் கலந்த 30 நிமிஷம். 2023 ஏப்ரலிலிருந்து, விற்ற லாரியைச் சாலையில் பெம்ஸ் பெட்டியோடு ஓட்டிக் காட்ட வேண்டிய பொறுப்பும் கம்பெனிகளுக்கு வந்திருக்கிறது. வர்ஜீனியாக்காரர்களின் பெட்டி இந்தியா வந்து சேர்ந்துவிட்டது.

இந்த 0.46-ஐ எட்ட லாரிக்குள் ஒரு குட்டி ரசாயனத் தொழிற்சாலையே வைத்திருக்கிறார்கள். கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி. நாக்ஸை முறிக்க யூரியா. ஆமாம், பயிருக்குப் போடும் யூரியாவின் சுத்தமான அண்ணன், நீரில் 32.5 சதவிகிதம் கலந்தது. பங்குகளில் வாளி வாளியாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடான புகையில் பட்டு அது அம்மோனியாவாகி, நாக்ஸை மறுபடி வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். யூரியா தீர்ந்தால், தரம் கெட்டால், கம்ப்யூட்டர் கண்டுபிடித்து முதலில் விளக்கு எரியும். அலட்சியம் செய்தால் இழுவைச் சக்தியைக் குறைத்துவிடும்.

திருச்செங்கோட்டுப் பக்கம் மூன்று லாரி வைத்திருக்கும் ஒருவரோடு ரயிலில் பேசிக்கொண்டு வந்தேன். யூரியா பற்றிக் கேட்டதும் பிடித்துக்கொண்டார்.

"டீசல் நூறு லிட்டர் போட்டா யூரியா நாலஞ்சு லிட்டர் போவுதுங்க. அதக்கூட விடுங்க. சென்ஸார் ஒண்ணு அவுட்டாச்சுன்னா வண்டி இழுக்காதுங்க. லோடோட மேட்டுல நின்னா பார்ட்டி போன் மேல போன். ஷோரூமுக்குக் கொண்டுபோனா ரெண்டு நாள் போச்சுங்க."

"அப்ப என்னதான் பண்றாங்க?"

"ஒரு சின்னப் பொட்டி இருக்குதுங்க சார். மாட்டி உட்டா யூரியா ஓடுது, எல்லாஞ் சரியா இருக்குதுன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும். நான் மாட்டலீங்க. மாட்டுனவங்களத் தெரியுமுங்க."

"புகை சர்டிஃபிகேட் எடுக்கும்போது மாட்டிக்க மாட்டாங்களா?"

சிரித்தார். "கறுப்பா வந்தாத்தானுங்க மாட்டிக்கறதுக்கு?"

இந்த ஒரு வாக்கியத்தை விடப் பெரிய விமர்சனம் பி.யூ.சி. மீது யாரும் எழுதிவிட முடியாது. யூரியாவை நிறுத்தினால் வருவது நாக்ஸ். நிறமற்ற நாக்ஸ். மரத்தடிப் பையனின் விளக்கு அதைப் பார்க்கவே பார்க்காது.

இந்தப் பொட்டி நம் ஊர் விசேஷம் அல்ல. பிரிட்டனில் 2017 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஐந்து இடங்களில் 3,735 லாரிகளை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து தேடினார்கள். 293 லாரிகளில் ஏமாற்றுச் சாதனம். ஏறத்தாழ பதின்மூன்றில் ஒன்று. அபராதம் 300 பவுண்டு, கழற்றாவிட்டால் வண்டி நகரக்கூடாது. இங்கே எத்தனை என்று எண்ணிப் பார்க்க, முதலில் பானெட்டைத் திறக்க வேண்டும்.

சரி, கரியையாவது பி.யூ.சி. ஒழுங்காகப் பிடிக்கிறதா? பாரத் ஸ்டேஜ் 6-க்கு வரம்பை இறுக்கினார்கள், மறுக்கவில்லை. பழைய 65, 50 கணக்கில் சொன்னால் இப்போது சுமார் 26 வருகிறது. ஆனால் வடிகட்டி நன்றாக வேலை செய்யும் லாரியில் கரி ஏறக்குறைய பூஜ்யம். வடிகட்டி விரிசல் விட்டு நுண்துகள் கோடிக்கணக்கில் கொட்டினாலும் 26-க்குள் அடங்கிப் பாஸாகிவிட முடியும். இதைப் புரிந்துகொண்டுதான் பெல்ஜியம் 2022-லும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-லும், டீசல் வண்டிகளுக்கு வெளிச்சத்தை மறைக்கும் பழைய பரீட்சையை ஒதுக்கிவிட்டுத் துகள்களை எண்ணும் கருவிக்கு மாறின. வண்டி ஐட்லிங்கில் நின்றால் போதும். அலறவிட வேண்டியதுகூட இல்லை. ஒரு கன சென்டிமீட்டரில் இத்தனை துகளுக்கு மேல் போனால் வடிகட்டி காலி என்று அர்த்தம்.

இப்போது லஞ்சம், அலட்சியம் பக்கம் வருகிறேன். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்று 2025 ஏப்ரலில் டெல்லி சட்டசபையில் வைக்கப்பட்டது. 2015 ஆகஸ்ட் முதல் 2020 ஆகஸ்ட் வரை டெல்லியில் 22.14 லட்சம் டீசல் வண்டிகளுக்குச் சோதனை நடந்ததாகக் கணக்கு. அதில் 24 சதவிகிதத்துக்கு மார்க்கே பதிவாகவில்லை. 4,007 கேஸ்களில் வரம்பைத் தாண்டிய எண் பதிவாகியும் பாஸ் போட்டிருக்கிறார்கள். அறிக்கையில் எல்லா வகை வண்டிகளையும் பற்றி இன்னும் ரசமான தகவல்கள் உண்டு. 7,643 தடவை ஒரே சென்டரில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சோதிக்கப்பட்டிருக்கின்றன. 76,865 வண்டிகளுக்குச் சோதனை ஒரே நிமிஷத்தில் முடிந்திருக்கிறது. நாட்டிலேயே காற்றைப் பற்றி அதிகம் கவலைப்படும் நகரத்தில் இந்த லட்சணம் என்றால் மற்ற ஊர்களைப் பற்றி என்ன சொல்ல.

இதைப் படித்ததும் நம் அதிகாரிகளுக்குத் தோன்றும் தீர்வு, கேமராவைக் கூட்டு, அபராதத்தைக் கூட்டு. 2019 சட்டத் திருத்தத்தில் இதற்கான அபராதம் 10,000 ரூபாய் வரை ஏறியது. மூன்று மாத ஜெயிலும் உண்டு. 2017-ல் பி.யூ.சி. இல்லாமல் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024-ல் அந்த நிபந்தனையை நீக்கியது. அதனால் ஏராளமான வண்டிகள் இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓடி, விபத்தில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்காமல் போகிறது என்பது காரணம். தப்பான கேள்வித்தாளை வைத்துக்கொண்டு ஹாலில் சூப்பர்வைசர்களை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும்.

'ஏன் சார், இருக்கிற டீசல் விலையில, டோல் கட்டணத்துல, ஒரு லாரி வெச்சுப் பொழைக்கிறவன் தலையில இன்னொரு கல்லைத் தூக்கிப் போடச் சொல்றீங்களா' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெம்ஸ் பெட்டியை ஒவ்வொரு லாரியிலும் கட்டுவது நடக்காத காரியம், வேண்டவும் வேண்டாம். வேறு வழிகள் இருக்கின்றன. பாரத் ஸ்டேஜ் 6 லாரிக்குள்ளேயே நாக்ஸை முகரும் சென்ஸார் உண்டு. கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும். ஒரு ஒயரைச் செருகிக் கேட்டால் சொல்லிவிடும். கலிஃபோர்னியா 2019-ல் சட்டம் போட்டு, கனரக லாரிகளுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது. அங்கே பெரிய லாரிகள் மொத்த வண்டிகளில் வெறும் 3 சதவிகிதம். வண்டிகள் விடும் நாக்ஸில் பாதிக்கு மேல் அவற்றுடையது. கம்ப்யூட்டரைக் கேட்டால் மட்டும் போதாது, ரயில் நண்பர் சொன்ன பொட்டி அதையும் ஏமாற்றியிருக்கும் என்பதால், சாலையோரத்திலும் மேலேயும் கருவிகளை வைத்துக் கடந்துபோகும் லாரியின் புகையை முகர்ந்து பார்க்கிறார்கள். சந்தேகப்பட்டவனை மட்டும் கூப்பிட்டுச் சோதிக்கலாம். ஒழுங்காக ஓட்டுகிறவன் மரத்தடியில் நிற்க வேண்டாம், டீசலைக் கொளுத்தி இன்ஜினை அலறவிட வேண்டாம். ஏழை லாரிக்காரர் மேல் உண்மையிலேயே கரிசனம் இருந்தால் இதைத்தான் கேட்க வேண்டும்.

இது இந்தியாவில் நடக்காது என்பவர்களுக்கு ஒரு தகவல். டெல்லியிலும் குருகிராமிலும் சாலைக்குக் குறுக்கே ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை ஓட ஓட அளந்து 2024-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு வண்டியையும் நிறுத்தவில்லை. பாரத் ஸ்டேஜ் 6 வந்தபின் பஸ்களின் நாக்ஸ் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்ற நல்ல செய்தியும் அதில் வந்தது. அதிர்ச்சி வேறு இடத்தில். புகையே விடாத, 'சுத்தமான எரிபொருள்' என்று முதுகில் எழுதிக்கொண்டு ஓடும் சி.என்.ஜி. வண்டிகளில், சிறு சரக்கு வண்டிகளின் ஒரு பிரிவு ஆய்வுக்கூட வரம்பைப்போல 14 மடங்கு வரை நாக்ஸ் விட்டிருக்கிறது. பி.யூ.சி. சான்றிதழோடு ஓடிய வண்டிகளும் அவற்றில் நிச்சயம் இருந்திருக்கும்.

பி.யூ.சி.யை மாற்றப் போகிறோம் என்று அவ்வப்போது டெல்லியிலிருந்து செய்தி வருகிறது. 2021-ல் ஒரு மாற்றம் வந்தது. நாடு முழுக்க ஒரே மாதிரிச் சான்றிதழ். அதில் க்யூ.ஆர். கோடு உண்டு. சொந்தக்காரரின் மொபைல் நம்பருக்கு எஸ்.எம்.எஸ். வரும். தேதி உண்டு, நேரம் உண்டு, நம்பர் பிளேட்டின் படம் உண்டு. டீசல் வண்டிக்கு நாக்ஸ் எவ்வளவு என்று எழுத ஒரு கட்டம் மட்டும் இல்லை.